ஈரச் சுவருக்குச் சாயம் மருந்தாகாது: தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

தோட்ட நிர்வாகத்தினருக்கு,

தீபாவளி முடிந்த மறுவாரம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்து அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டிய சுற்றறிக்கையைப் பற்றி எழுதுகிறேன். லயத்து வரிசை வீடுகளில் பூஞ்சணம் பிடிப்பதற்குக் குடியிருப்பவர்களின் பழக்கவழக்கம்தான் காரணம் என்று அதில் இருந்தது. வீட்டுக்குள் துணி காயப்போடக் கூடாது, ஜன்னலைச் சாத்தி வைக்கக் கூடாது, சுவரைக் குளோரோக்ஸ் என்ற வெளுப்புத் திரவத்தை ஊற்றிக் கழுவ வேண்டும், வீட்டுக்கு ஒரு டின் சாயம் தரப்படும், இனிமேல் பூஞ்சணப் புகார் எதையும் ஆபீசில் எடுக்க மாட்டார்கள். மலாயிலும் தமிழிலும் அச்சடித்து, கீழே முத்திரையும் குத்தியிருந்தீர்கள்.

என் கணவர் உங்கள் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறார். மாமியார் இதே தோட்டத்தில் பால்மரம் சீவி, ரப்பர் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்த பிறகு உரம் போட்டு, முதுகு வளைந்து வீட்டில் உட்கார்ந்தவர். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். மழைக்காலத்தில் எந்த மருந்து அதிகம் போகிறது, யார் வந்து வாங்குகிறார்கள் என்பதைக் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்ப்பவள்.

முதலில் அந்தச் சாயத்தைப் பேசிவிடுவோம். தீபாவளிக்கு முன் குத்தகைக்காரர் ஆட்களோடு வந்தார். சுவரைச் சுரண்டவில்லை, துடைக்கவில்லை, காயவும் விடவில்லை. முதல்நாள் ராத்திரி பெய்த மழை சுவருக்குள் அப்படியே இருக்க, அதன்மேல் வெண்ணெய் நிறச் சாயத்தை உருட்டிவிட்டுப் போனார்கள். பண்டிகைக்கு வீடு பளிச்சென்று இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. மழை பிடித்ததும் பழைய இடத்திலேயே கறுப்புப் புள்ளிகள் சாயத்தைக் கிழித்துக்கொண்டு வந்தன. பிறகு சாயம் கொப்பளித்து, படுக்கையின் மேல் செதில் செதிலாக உதிர்ந்தது. பூஞ்சணம் பிடித்த சுவரின் மேல் சாயம் அடிக்கக் கூடாது, அடித்தால் உரிந்து வரும் என்பது இந்த விஷயத்தில் சொல்லப்படும் அடிப்படைப் பாடம். இன்னொரு டின் சாயம் கொடுத்தால் அதுவும் உரியும்.

பூஞ்சண வித்துகள் எங்கும் இருக்கின்றன. உங்கள் பங்களாவிலும் இருக்கின்றன, மந்திரி வீட்டிலும் இருக்கின்றன. காற்றில் வருவதை யாராலும் தடுக்க முடியாது. அது உட்கார்ந்து வளர்வதற்கு ஈரம் வேண்டும். நனைந்த பலகையும் சுவரும் 24 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் வளராது என்கிறார்கள். எங்கள் சுவர் அக்டோபரில் நனைந்தால் டிசம்பர்வரை காய்வதில்லை. வீட்டுக்குள் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது நல்லது என்பதும் பொதுவான அறிவுரை. இந்த நாட்டில் வெளிக்காற்றே பல நேரம் அதற்கு மேல்தான், அதனால் அந்த எண்ணை வைத்து நான் உங்களோடு வாதாட வரவில்லை. காற்றில் இருக்கும் ஈரம் வேறு, கூரையிலிருந்து சுவருக்குள் இறங்கும் தண்ணீர் வேறு. முதலாவதை நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம். இரண்டாவது உங்கள் கட்டடம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாராவது வந்து பார்த்தீர்களா? நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் வரிசையில் கூரைத் தண்ணீர் ஓடும் காடி பாதிக்கு மேல் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. மீதி இருப்பதில் காய்ந்த இலையும் பறவைக் கூடும் அடைத்திருக்கின்றன. கனமழையில் தண்ணீர் காடிக்குள் போகாமல் பின்சுவர் வழியாக வழிகிறது. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் எல்லா வீட்டிலும் பிள்ளைகள் படுக்கும் அறை. பின்பக்கக் கால்வாயின் சிமெண்டு உடைந்து, வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அதில் தேங்கும் தண்ணீரைச் சுவர் அடியிலிருந்து உறிஞ்சுகிறது. முழங்கால் உயரம்வரை சுவரில் வெள்ளைக் கோடு போல உப்புப் பூத்திருப்பதை வேலையை மேற்பார்க்கும் உங்கள் தண்டலையே கூட்டிவந்து காட்டினேன். அவர் படம் எடுத்துக்கொண்டு போனார். படம் ஆபீசில் இருக்க வேண்டும்.

அப்புறம் காற்றுத் துளைகள். பழைய லயத்தில் ஜன்னலுக்கு மேல் துளை வைத்த கற்கள் இருந்தன, சூடும் ஆவியும் அதன் வழியாகப் போகும். கொஞ்ச வருஷத்துக்கு முன் வீடுகளைப் புதுப்பித்தபோது குளவி கூடு கட்டுகிறது என்று அவற்றைச் சிமெண்டால் பூசி மூடிவிட்டார்கள். மூடியது நாங்களல்ல.

உங்கள் சுற்றறிக்கையை எழுதியவர் ஒரு தடவை எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வீட்டுக்காரரின் மருமகன் கூரை வேலை செய்பவர். மாமனாருக்காகத் தன் செலவில் காடியை மாற்றி, பின்னால் கால்வாய்க்கும் சிமெண்டு போட்டு, மூடிய துளைகளில் இரண்டைத் திறந்தும் விட்டார். அந்த வீட்டிலும் மழை நாளில் உள்ளேதான் துணி காய்கிறது. அங்கேயும் இரண்டு வேளை சோறு வேகிறது. எங்களைவிட ஆட்களும் அதிகம், பேரப்பிள்ளைகளோடு ஒரு பட்டாளம். படுக்கையறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு புள்ளி இல்லை. பக்கத்து வீட்டில், அதே பொதுச்சுவருக்கு இந்தப் பக்கம், பலகைக் கூரையே கறுத்துத் தொங்குகிறது. பழக்கவழக்கம் காரணமென்றால் கடைசி வீடுதான் முதலில் கறுத்திருக்க வேண்டும்.

உள்ளே துணி காயப்போடுவதால் ஈரம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் போன வருஷம் எம்எஸ்பிஓ எனும் மலேசியச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழுக்கான தணிக்கைக்கு ஆட்கள் வருகிறார்கள், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டு முன்நடையான அஞ்சடியில் கட்டியிருந்த கொடிகளை அவிழ்க்கச் சொன்னது யார்? வெளியே கட்டக் கூடாது, உள்ளேயும் கட்டக் கூடாது. சாயங்காலம் நான்கு மணிக்கு வானம் உடையும் மாதத்தில், வயலில் நனைந்து வரும் ஆளின் உடுப்பையும் பள்ளிச் சீருடையையும் எங்கே கொண்டுபோய்க் காயவைப்பது? ஜன்னல் கதையும் இப்படித்தான். தேங்கிய கால்வாயில் கொசு. டிங்கிக்குப் பயந்து பொழுது சாய்ந்ததும் சாத்துகிறோம். வலை அடித்துக் கொடுத்தால் திறந்து வைக்க யாருக்கும் கசக்காது. கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய நாக்கோ ஜன்னலில் உடைந்த கண்ணாடிகளுக்குப் பதிலாகப் பலகையைச் செருகிவைத்திருக்கும் வீடுகள் எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

என் மகன் இரண்டாம் வகுப்பு. மழை தொடங்கினால் அவனுக்கு மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், விடியற்காலையில் வறட்டு இருமல். போன வருஷத்திலிருந்து நெஞ்சில் விசில் சத்தம். இளைப்பு என்று சொல்லி ஆஸ்பத்திரியில் மூச்சு வழியாக மருந்து ஆவி (கேஸ்) வைத்து அனுப்பினார்கள், ஒரு தடவையோடு நிற்கவில்லை. பிறகு ஈப்போவில் தோலில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் பரிசோதனை செய்தார்கள். தூசிச் சிற்றுண்ணிக்கும் தடித்தது, பூஞ்சணத்துக்கும் தடித்தது. நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால் பூஞ்சணம் மட்டுமே காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. இரண்டுமே ஈர வீட்டை விரும்பும் சாதி என்றார். மருந்து எழுதுவதற்கு முன் அவர் கேட்ட கேள்வி, "வீட்டில் எங்கேயாவது தண்ணீர் ஒழுகுகிறதா?" பள்ளி விடுமுறையில் ஈப்போவில் என் அம்மா வீட்டில் இருந்தால் இளைப்பு வந்தால் இழுக்கும் நீல இன்ஹேலரே அவனுக்குத் தேவைப்படுவதில்லை. லயத்துக்குத் திரும்பினால் இரண்டு மூன்று ராத்திரிக்குள் இருமல் ஆரம்பிக்கும்.

இவன் ஒருத்தன் மட்டுமில்லை. கடைக்கு வருபவர்களில் நம் தோட்டத்து முகங்களை எனக்குத் தெரியாதா? ஒவ்வாமைக்கென்று, தூக்கம் வரவைக்கும் அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரையை வாங்கிப்போய்ப் போட்டுக்கொண்டு, விடிந்ததும் கண் சொக்கச் சொக்கச் செம்பனை வெட்டப் போகிறார்கள். தலைக்கு மேல் அரிவாளும் குலையும் இருக்கும் வேலையில் அது எவ்வளவு ஆபத்து என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூக்கம் தராத மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளிதான் (ரிங்கிட்), ஆனால் அங்கே போகவர அரை நாள் கூலி போகிறது.

கறுப்புப் பூஞ்சணம் எல்லாமே விஷம், மூளையைத் தின்னும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அதை நான் நம்பவுமில்லை, இந்த மடலில் அப்படிச் சொல்லவுமில்லை. எல்லாருக்கும் ஒவ்வாமை வராது. என் கணவர் அதே அறையில் குறட்டை விட்டுத் தூங்குகிறார். ஒவ்வாமையும் இளைப்பும் உள்ளவர்களுக்கு ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடு நோயை முற்றவைக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. ஈரத்தைத் தடுப்பதும் தொடக்கத்திலேயே சரிசெய்வதும்தான் வழி என்பதே அதன் சாரம்.

நாங்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. கட்டிலையும் அலமாரியையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறோம், பின்னால் காற்று போகட்டும் என்று. தரையில் மெத்தை போடுவதில்லை. சோற்றுப் பானையை ஜன்னலோரம் நகர்த்தியாயிற்று. வெயில் அடித்தால், அது ஒரு மணி நேரம்தான் என்றாலும், தலையணை எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். சாமிப் படங்களின் பின்னட்டையைக்கூட மாதம் ஒருமுறை கழற்றித் துடைக்கிறோம், அங்கேயும் பூத்துவிடுகிறது. பள்ளிக் காலணி, தோல் வார், குடைக் கைப்பிடி, மாமியாரின் கல்யாணப் புடவை, எதை விட்டது? சுவரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, விசிறி வைத்துக் காயவிடுகிறோம். உலர்ந்த சுவரைத் தேய்த்தால் வித்து பறக்கும், அதனால் ஈரத் துணிதான். துடைக்கும்போது என்95 முகமூடி போட்டு, மகனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். எல்லாம் செய்தும், மறுபடி ஒரு கனமழை, மறுபடி அதே இடம்.

குளோரோக்ஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முத்திரை குத்திய காகிதத்தில் அப்படி ஒரு வரியை எச்சரிக்கை இல்லாமல் எழுதியிருக்கக் கூடாது. அது பூஞ்சணத்தைக் கொன்றாலும், செத்த பூஞ்சணமும் ஒவ்வாமை தரும். துடைத்து அகற்றினால்தான் பயன். ஊறிப்போன பலகைக்குள் அது இறங்குவதுமில்லை. அதைவிட முக்கியம், கழிப்பறை கழுவும் அமில மருந்தோடு அதைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள திரவத்தோடு கலந்தாலும் நச்சு வாயுதான். உங்கள் அறிவிப்பைப் படித்த ஒரு அக்கா, குளோரோக்ஸையும் கழிப்பறை மருந்தையும் சேர்த்தால் இன்னும் நன்றாகப் போகும் என்று நினைத்துக் கதவு சாத்திய குளியலறையில் ஊற்றினார். மூச்சு முட்டி அஞ்சடியில் வந்து உட்கார்ந்தவரை நாங்கள்தான் தண்ணீர் கொடுத்துத் தேற்றினோம். நல்லவேளை, உடனே வெளியே வந்துவிட்டார்.

இங்கிலாந்தில் ரோச்டேல் என்று ஓர் ஊர். அங்கே ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்த வீட்டில் பூஞ்சணம். 2017இல் தகப்பன் புகார் சொன்னபோது அதன்மேல் சாயம் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு வந்து பார்த்தவர்கள் குடும்பத்தின் குளியலையும் சமையலையும் காரணம் காட்டினார்கள். 2020 டிசம்பரில் அவர்களுடைய இரண்டு வயது மகன் அவாப் இஷாக் இறந்துபோனான். வீட்டில் நீண்ட காலம் பூஞ்சணத்துக்கு ஆளானதால் வந்த கடுமையான சுவாசக் கோளாறுதான் காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அந்தப் பிள்ளையின் பெயரிலேயே அங்கே சட்டம் வந்து, 2025 அக்டோபர் 27 முதல் நடப்பில் இருக்கிறது. குறைந்த வாடகைக்குச் சமூக வீட்டுவசதி தருபவர்கள் மோசமான ஈரம், பூஞ்சணம் பற்றிய புகாரை 10 வேலை நாளுக்குள் வந்து ஆராய வேண்டும், உயிருக்கு ஆபத்தென்றால் 24 மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும். அந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாது, எனக்கும் தெரியும். சாயம் அடி, உன் பழக்கத்தை மாற்று என்ற அதே இரண்டு பதில்கள் உங்கள் சுற்றறிக்கையிலும் இருப்பதால் சொல்கிறேன்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. தொழிலாளர்களுக்கான குறைந்தபட்ச வீட்டுவசதித் தரங்களைப் பற்றிய 446ஆம் சட்டம் 1990இலிருந்தே இருக்கிறது, 2019இல் திருத்தவும்பட்டது. கொடுத்த வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு. எம்எஸ்பிஓ சான்றிதழ் 2020 முதல் கட்டாயம், அதிலும் தொழிலாளர் குடியிருப்பு பார்க்கப்படுகிறது. "வீட்டைச் சும்மாதானே கொடுத்திருக்கிறோம்" என்று உங்கள் உதவி மானேஜர் என் கணவரிடம் சொன்னார். சும்மா இல்லை ஐயா. அந்த வீட்டைக் காட்டித்தானே ஆளை இந்தச் சம்பளத்துக்கு எடுக்கிறீர்கள்?

ஆலைக்குப் பின்னாலுள்ள வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களின் கட்டடத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டைவிட அங்கே மோசம், ஒரே அறையில் அத்தனை பேரும் ஈரச் சட்டையும் பூட்சும். இருமிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள், வீட்டைப் பற்றிக் கேட்டால் சிரித்து மழுப்புகிறார்கள். வேலை பெர்மிட் உங்கள் கையில் இருக்கும்போது அவர்கள் எப்படிப் புகார் எழுதுவார்கள்?

நாங்கள் கேட்பது இவைதான். அந்தச் சுற்றறிக்கையை எடுத்துவிட்டு, பூஞ்சணப் புகாரைப் பதிவேட்டில் எழுதி, தேதி போட்ட துண்டு கொடுங்கள். எழுதிய 10 வேலை நாளுக்குள் ஆள் வந்து சுவரையும் கூரையையும் பார்க்கட்டும். காடிகளை முதலில் மாற்றுங்கள். பின்கால்வாயின் சாய்வைச் சரிசெய்து, மூடிய காற்றுத் துளைகளைத் திறந்து கொசுவலை அடியுங்கள். ஊறிப்போன கூரைப் பலகையைத் துடைத்துப் பிரயோசனமில்லை, கழற்றித்தான் ஆக வேண்டும். பழைய வரிசையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருக்கலாம், அதைக் கண்ட ஆளை விட்டு உடைக்காமல், தெரிந்தவர்களை வைத்துச் செய்யுங்கள். சாயம் கடைசியில், சுவர் முழுதும் காய்ந்த பிறகு. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு துணி காயவைக்கும் கொட்டகை, மேலே கூரை, பக்கத்தில் காற்று, அவ்வளவு போதும். குளோரோக்ஸைப் பற்றிய எச்சரிக்கையைத் தமிழ், மலாய், வங்காளம் மூன்றிலும் உடனே ஒட்டுங்கள், அதற்குச் செலவே இல்லை.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் முடிக்க முடியாது என்பது புரிகிறது. இளைப்பு உள்ள பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கும் வீடுகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை நாங்களே தயாரித்துத் தருகிறோம், அவரவர் சம்மதத்தோடு. அடுத்த மழை ஏப்ரலில் தொடங்கிவிடும், அதற்குள் காடியும் கால்வாயும் முடிந்திருக்க வேண்டும்.

இந்த மாத முடிவுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், எந்த வரிசையில் எந்தத் தேதியில் வேலை தொடங்கும் என்ற விவரத்தோடு. பதில் வராவிட்டால் படங்களையும் கையெழுத்துகளையும் தொழிலாளர் இலாகாவுக்கு 446ஆம் சட்டத்தின் கீழ்ப் புகாராக அனுப்புவோம். அடுத்த எம்எஸ்பிஓ தணிக்கைக்கு வருபவர்களைப் பின்சுவர் பக்கமும் கூட்டிப் போவோம். கையெழுத்துப் போட்டதற்காக யாருடைய வேலையிலும் வீட்டிலும் கை வைக்க மாட்டோம் என்பதையும் அதே பதிலில் எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் வரிசையில் குடியிருக்கும் ஒரு தாய்,
வரிசை வீட்டார் சார்பாகவும்